காணி இருந்தால்தானே கல்லு வைக்கலாம்

திருகோணமலை மாவட்டத்துக்கு நாடாளுமன்றத்தில் இருப்பது நான்கே ஆசனங்கள். 2024 நவம்பர் 14ஆம் திகதித் தேர்தலில் தேசிய மக்கள் சக்தி 87 ஆயிரம் வாக்குகளோடு இரண்டை எடுத்துக்கொண்டது. 53 ஆயிரம் பெற்ற ஐக்கிய மக்கள் சக்திக்கு ஒன்று, 34 ஆயிரம் பெற்ற தமிழரசுக் கட்சிக்கு ஒன்று. அந்தக் கடைசி ஒன்றைக் காப்பாற்றுவதற்காகத்தான் யாழ்ப்பாணத்தில் எதிரெதிரே நின்ற தமிழரசும் ஜனநாயகத் தமிழ்த் தேசியக் கூட்டணியும் இங்கே வீட்டுச் சின்னத்தின் கீழ் ஒரே பட்டியலில் நின்றன.

“வீட்டுக்குத்தான் போட்டன். வீடு கட்டுறவன் வேற என்னத்துக்குப் போடுறது?” என்று சிரித்தார் பாலையூற்று மேசன் அண்ணன். சிரிப்பு அடங்கும் முன்பே, “அதால எனக்கு ஒரு நாள் வேலை வராதெண்டும் தெரியும்” என்றார்.

பாலையூற்று கண்டி வீதியோரம், நகரம் முடிந்தும் முடியாத இடத்தில் இருக்கிறது. லூர்து அன்னை திருத்தலத்தால் வெளியூராருக்குப் பழக்கமான பெயர். காலையில் இங்கிருந்து புறப்படும் மோட்டார் சைக்கிள்களில் மட்டப்பலகையும் சாந்தகப்பையும் கட்டியிருக்கும். மேசன் அண்ணனுக்கு ஐம்பது கடந்துவிட்டது. பெயர் எழுத வேண்டாம் என்றார். பயத்தினால் இல்லை, தொழில் காரணமாக. “எல்லாக் கட்சிக்காரன்ர வீட்டிலயும் எனக்கு வேலை இருக்கு, தம்பி. ஒருத்தனுக்கு மதில், ஒருத்தனுக்குக் குசினி.”

கிழக்கின் அரசியலை நாம் வழக்கமாக இரண்டு பெட்டிகளில் போட்டுப் பார்க்கிறோம். ஒன்றில் உரிமை, மற்றதில் அபிவிருத்தி. தமிழ்க் கட்சிகள் முதல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருகின்றன. கொழும்புக் கட்சிகளும் அவற்றோடு சேர்ந்து நிற்கும் உள்ளூர்க்காரர்களும் இரண்டாவதைத் தூக்குகிறார்கள். தேர்தல் மேடையில் ஒவ்வொருவரும் மற்றவருடைய பெட்டி வெறும் பெட்டி என்கிறார்கள். கைத்தொழில் செய்பவன் இயல்பாகவே இரண்டாவது பெட்டியின் பக்கம்தான் நிற்பான், சோறுதானே முக்கியம் என்று படித்தவர்கள் பலர் நினைக்கிறார்கள். இந்த மேசனின் வேலைக் கணக்கைக் கேட்ட பிறகு எனக்கு அது சரியாகப் படவில்லை. அவருடைய கைக்கு அதிக வேலை வந்த காலம், காணி திரும்பி வந்த காலம்.

சம்பூரை எடுத்துக்கொள்ளுங்கள். 2006இல் குண்டுவீச்சுக்கும் சண்டைக்கும் நடுவே அந்த ஊர் முழுவதும் இடம்பெயர்ந்தது. அடுத்த ஆண்டு அது உயர் பாதுகாப்பு வலயமானது. ஒரு பக்கத்தில் இந்தியாவின் என்.ரி.பி.சி.யோடு சேர்ந்து 500 மெகாவாற் அனல்மின் நிலையம் அமைக்கத் திட்டம். இன்னொரு பக்கத்தில் 818 ஏக்கர் முதலீட்டுச் சபை ஊடாகத் தனியார் கைத்தொழில் வலயத்துக்குப் போனது. இதெல்லாம் அபிவிருத்தி என்ற பெயரில்தான் நடந்தது. அத்தனை ஆண்டுகளில் பாலையூற்று மேசன் ஒருவருக்குச் சம்பூரிலிருந்து ஒரு கல் வேலையும் கிடைக்கவில்லை. 2015இல் அந்த 818 ஏக்கரின் ஒதுக்கீட்டை அரசு இரத்துச் செய்தது. அதை எதிர்த்து வந்த வழக்கைத் தாண்டி ஓகஸ்ட் மாதத்தில் காணிகள் மக்களிடம் வரத் தொடங்கின. 2016இல் கடற்படை முகாம் இருந்த காணியும் விடப்பட்டது. அதே ஆண்டு செப்டெம்பரில், சம்பூரில் நிலக்கரி மின்நிலையம் அமையாது என்று அரசு உயர் நீதிமன்றத்தில் அறிவித்தது. காணி வந்த பிறகுதான் அங்கே அத்திவாரம் வெட்டினார்கள்.

“காணி இருந்தால்தானே கல்லு வைக்கலாம். சம்பந்தன் ஐயா காணி காணி எண்டு கதைச்சதை நாங்க அரசியல் எண்டு நினைச்சம். அது எங்கட வேலையாவும் இருந்திருக்கு.”

ஒரு பேச்சு என்று விட்டுவிட முடியாத பேச்சு இது. உறுதியோ அனுமதிப்பத்திரமோ இல்லாத காணிக்கு வீட்டுத்திட்டப் பட்டியலில் இடமில்லை, வங்கிக் கடனும் இல்லை. பட்டியல் வராவிட்டால் மேசன் இல்லை, தச்சன் இல்லை, மணல் ஏற்றும் உழவு இயந்திரம் இல்லை. இந்திய அரசின் வீட்டுத்திட்டம் 2012 ஒக்டோபரில் பெரிய அளவில் தொடங்கியபோது ஒரு குடும்பத்துக்கு ஐந்தரை இலட்சம் ரூபா வழங்கப்பட்டது. பணம் கட்டம் கட்டமாகப் பயனாளியின் கணக்குக்கு வரும். அவரே ஆள் பிடித்துக் கட்டிக்கொள்ள வேண்டும். பின்னர் மீள்குடியேற்ற அமைச்சின் வீடுகளுக்கு எட்டு இலட்சம். இந்தத் தொகைகள் போதவில்லை என்பதும், வீட்டைக் கட்டி முடிக்கப் பலர் கடன்பட்டார்கள் என்பதும் தெரிந்த கதை. ஆனால் பணம் ஊருக்குள்ளேயே கை மாறியது. வீட்டுக்காரர் மேசனுக்குக் கொடுத்தார். மேசன் தன் கையாளுக்கும் கடைக்காரருக்கும் கொடுத்தார்.

இதற்கு நேர் எதிரான ஒன்று 2016இல் வந்தது. வடக்கு கிழக்குக்கு 65 ஆயிரம் இரும்பு வீடுகள், ஆர்செலர் மிட்டல் நிறுவனத்தின் தயாரிப்பு, ஒன்று ஏறத்தாழ 21 இலட்சம் ரூபா. மீள்குடியேற்ற அமைச்சர் டி. எம். சுவாமிநாதன் உறுதியாக நின்றார். யாழ்ப்பாணம் உடுவிலில் மாதிரி வீடும் நட்டுக் காட்டினார்கள். வெப்பம் தாங்காது, உப்புக்காற்றில் நிலைக்காது, திருத்த ஆள் இருக்காது என்று பொறியியலாளர்கள் குறை சொன்னார்கள். அதே பணத்தில் இரண்டு கல்வீடு கட்டலாம் என்று தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் சுமந்திரன் உள்ளிட்டோர் வாதாடினார்கள். திட்டம் இழுபட்டு, சுருங்கி, கடைசியில் கரைந்துபோனது. அந்த விவாதத்தில் அதிகம் பேசப்படாத ஒன்றை மேசன் அண்ணன் ஒரே மூச்சில் சொன்னார்:

“கப்பல்ல வாற வீட்டை ஆணி முடுக்கி நிமித்துறதுக்கு நான் எதுக்கு? 65 ஆயிரம் வீடு! எங்கட ஆக்கள் பத்துப் பதினைஞ்சு வருசம் சாப்பிட்டிருக்கலாம். அந்தச் சோத்தை ஒரு கையெழுத்தில கொண்டுபோகப் பாத்தாங்க.”

தமிழ் அரசியல்வாதிகள் மக்களின் அன்றாடப் பாட்டைப் பற்றிப் பேசுவதில்லை என்ற குற்றச்சாட்டு பொதுவாகச் சரிதான். இந்த ஒரு விடயத்தில் பேசினார்கள், அதனால் பலனும் வந்தது. அதைத் தாங்கள் செய்ததாகச் சொல்லிக்கொள்ளக்கூடத் தெரியவில்லை என்பது வேறு கதை. 2018 உள்ளூராட்சித் தேர்தல் மேடைகளில் புதிய அரசியலமைப்பைப் பற்றிக் கேட்ட அளவுக்குக் கல்வீட்டைப் பற்றி நான் கேட்கவில்லை.

இப்படிச் சொல்வதால் பாலமும் வீதியும் அவருக்குப் பொருட்டில்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கிண்ணியாப் பாலம் 2009 ஒக்டோபரில் திறக்கப்பட்டது, நீளம் 396 மீற்றர், சவூதிக் கடனுதவி. அதுவரை மிதவைப் பாதையில் ஏறி, காத்திருந்து, இறங்கிப் போக வேண்டும். கிண்ணியாவுக்கும் மூதூருக்கும் இடையே மிச்சமிருந்த பாதைகளும் 2011இல் பிரெஞ்சு உதவியுடன் பாலங்களாயின. காலையில் புறப்பட்டுச் சம்பூரில் வேலை முடித்து இரவுக்கு வீடு வருவது அதன் பிறகுதான் சாத்தியமாயிற்று. அந்தப் பாலங்களைக் கட்டிய காலத்து ஆட்சியை அவர் மன்னிக்கவில்லை. பாலத்தை மறக்கவும் இல்லை. “பாலம் போட்டது மகிந்த. காணியைப் பிடிச்சு வச்சிருந்ததும் மகிந்த. காணி விட்டது மைத்திரி. நான் ஆருக்கு நன்றி சொல்ல?”

குறிஞ்சாக்கேணி இதன் மறுபக்கம். கிண்ணியாவின் அந்தப் பகுதியில் பழைய பாலத்தை அகற்றிப் புதியது கட்டும் வேலை நடந்த நேரம். மாற்று ஏற்பாடாக ஓடிய மிதவைப் பாதை 2021 நவம்பர் 23 காலை கவிழ்ந்தது, பள்ளிக்குப் போன பிள்ளைகள் உள்ளிட்டோர் இறந்தார்கள். இதைப் பேசும்போது அவர் குரல் மாறியது. கட்டுமானத் தொழிலில் இருப்பவருக்குத் தெரியும்: பழையதை உடைக்கும் முன்பு மாற்று வழியைச் சரியாகப் போடுவது எந்த வேலையிலும் முதல் பாடம். அங்கே அதைச் செய்யவில்லை. யார் தமிழர், யார் முஸ்லிம், எந்தக் கட்சியின் சபை என்பதற்கெல்லாம் அப்பால் அது மோசமான வேலை என்றார். அவருடைய வாயில் அதைவிடக் கடுமையான சொல் இல்லை.

துறைமுகத்தைப் பற்றிப் பேசாமல் திருகோணமலையின் வேலைவாய்ப்பைப் பேச முடியாது. ஆனால் துறைமுகம் இந்த ஊருக்கு வேலை தந்ததைவிட வேலை தருவதாகச் சொன்னதுதான் அதிகம். பிரித்தானியக் கடற்படை இருந்தவரை தளத்தில் பட்டறையும் தொழிலாளரும் நிறைந்திருந்தார்கள். 1957 ஒக்டோபரில் தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டதும் பலருக்கு வேலை போயிற்று. 1980இல் சீனக்குடாவில் பிறிமா மாவாலை, அந்தப் பத்தாண்டிலேயே கொட்பேயில் டோக்கியோ சீமெந்து. இவை உண்மையான வேலைகள். ஆனால் பெரிய ஆலை என்பது கட்டும்போது மேசனைக் கூப்பிடும், ஓடத் தொடங்கினால் இயந்திரம் தெரிந்தவனைக் கூப்பிடும்.

எண்ணெய்த் தாங்கிகளின் கதை இன்னும் நீளம். ஆங்கிலேயர் கட்டியவை, நூறு அளவில், ஒவ்வொன்றும் 12 ஆயிரம் கிலோலீற்றருக்கு மேல் கொள்ளும். 2003இல் இந்தியன் ஒயில் நிறுவனத்துக்கு 35 ஆண்டுக் குத்தகை. 2022 ஜனவரியில் புதிய பங்கீடு: 14 தாங்கிகள் லங்கா ஐ.ஓ.சி.க்கு, 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, மீதி 61 இருவரும் சேர்ந்த கம்பனிக்கு. 2025 ஏப்ரல் 5இல் மோடி கொழும்பில் இருந்தபோது, ஐக்கிய அரபு அமீரகத்தையும் சேர்த்து, திருகோணமலையை எரிசக்தி மையமாக்கும் உடன்படிக்கை. அதே நாள் சம்பூரில் 120 மெகாவாற் சூரிய மின்திட்டத்துக்குத் தொடக்கம்; நிலக்கரிக்கு எடுக்கப்பட்ட இடத்தில் இப்போது வெயில். நிலக்கரியைவிட இது எவ்வளவோ நல்லது. ஆனால் பலகைகளை நட்டு முடித்த பிறகு அங்கே எத்தனை பேருக்கு நிரந்தர வேலை? சூரிய மின்சாரத்துக்கென்று முத்துநகர் விவசாயிகளின் வயல்கள் பறிபோக, அவர்கள் 2025இல் திருகோணமலை நகருக்கே வந்து போராடினார்கள். துறைமுகத்தின் பெயரில் 1980களில் ஒதுக்கிய நிலத்தில் அவர்கள் பயிர் செய்துவந்தது சட்டத்தில் எப்படியோ இருக்கட்டும். வயலைப் பிடுங்கி வைக்கும் வேலைவாய்ப்பை அபிவிருத்தி என்று எழுத என் பேனா தயங்குகிறது.

“அடிக்கல்லு நான் கட்டிக் குடுத்திருக்கிறன்” என்று இடையில் ஒரு தகவல் சொன்னார். அமைச்சர் வந்து திரை நீக்கும் அடிக்கல், பெயர்ப்பலகை, அதைத் தாங்கும் சின்ன மேடை. அவசர வேலை, நல்ல கூலி, ஒரே நாளில் கையில் காசு. சில இடங்களில் அந்த மேடைக்குப் பிறகு ஒன்றுமே கட்டப்படவில்லை.

இனக் கணக்குக்கு வருவோம். 2012 கணக்கெடுப்பில் மாவட்டத்தில் ஏறத்தாழப் பத்தில் நால்வர் முஸ்லிம்கள், மூவர் தமிழர், மீதிப் பேர் பெரும்பாலும் சிங்களவர். எவருக்கும் பெரும்பான்மை இல்லாத இப்படியான இடத்தில் ஒவ்வொருவரும் தங்களைச் சிறுபான்மையாக நினைத்துப் பயப்படுகிறார்கள். மேசன் வேலைக்கு மூன்று பக்கமும் வேண்டும். மணல் மகாவலிக் கரையிலிருந்து, பெரும்பாலும் கிண்ணியா மூதூர்ப் பக்கத்து லொறிகளில் வரும். வேலைக்குக் கூப்பிடுபவர் அபயபுரத்துச் சிங்கள ஆசிரியராக இருக்கலாம். இதைப் பார்த்து ‘மூவினமும் ஒற்றுமை’ என்று எழுதத் தோன்றும். அவர் விடவில்லை. “அது யாவாரம். மணல் விலையில அவங்க எனக்குச் சலுகை தர மாட்டாங்க, கூலியில நானும் விட மாட்டன். பிரச்சினை வந்தா அவனவன் அவனவன்ர ஊருக்குள்ள போயிடுவான். எண்பத்தி அஞ்சிலயும் பாத்தம், பிறகும் பாத்தம்.”

பிரச்சினை வருவதற்கு இங்கே பெரிய காரணம் தேவையில்லை. 2005 மே மாதம் பேருந்து நிலையத்தருகே இரவோடிரவாக முளைத்த புத்தர் சிலை நகரைப் பல நாட்கள் முடக்கியது. இருபது ஆண்டு கழித்து, 2025 நவம்பரில், கடற்கரையோர விகாரையொன்றில் வைத்த சிலையைப் பொலிஸார் இரவில் அகற்றி, மறுநாளே பாதுகாப்போடு திரும்ப வைத்தார்கள். ஆட்சி மாறியது என்று நம்பி 2024இல் தேசிய மக்கள் சக்தியின் திசைகாட்டிக்குப் போட்ட தமிழர்கள் பலர் அன்று வாயடைத்து நின்றார்கள்.

ஹர்த்தால் விடயத்தில் மேசன் அண்ணனுக்கும் எனக்கும் சற்று உரசல். 2025 ஓகஸ்ட்டில் முல்லைத்தீவின் முத்தையன்கட்டில் இளைஞர் ஒருவர் இறந்ததையடுத்து, இராணுவப் பிரசன்னத்தைக் கண்டித்துத் தமிழரசுக் கட்சி வடக்கு கிழக்கில் ஹர்த்தாலுக்கு அழைத்தது. முதலில் 15ஆம் திகதி என்றார்கள், மடுத் திருவிழா என்பதால் 18க்கு மாற்றினார்கள். காரணம் நியாயமானது என்று நான் சொன்னேன். அவர் மறுக்கவில்லை.

“நியாயம்தான் தம்பி. ஆனா ஹர்த்தாலண்டைக்குக் கந்தோர்க்காரனுக்குச் சம்பளம் வெட்டுறாங்களா? கடை பூட்டினா எனக்குச் சீமெந்து இல்ல, சீமெந்து இல்லாட்டி வேலை இல்ல, என்ர கையாளுக்குக் கூலி இல்ல. மாதாவுக்காகத் திகதி மாத்தினீங்க. கூலிக்காரனுக்காக என்ன மாத்தினீங்க?”

எனக்குப் பதில் வரவில்லை. ஆதரவு அரைகுறையாக இருந்ததற்கு அரசியல் விமர்சகர்கள் அன்று பல காரணம் எழுதினார்கள். நாட்கூலி அவற்றில் ஒரு வரியாகக்கூட வரவில்லை.

அவ்வளவு சலிப்புள்ளவர் ஏன் இன்னும் வீட்டுக்கே வாக்களிக்கிறார்? 2000ஆம் ஆண்டு ஒக்டோபர்த் தேர்தலில் திருகோணமலையிலிருந்து ஒரு தமிழர்கூட நாடாளுமன்றம் போகவில்லை. தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு உருவாவதற்கு அந்தத் தோல்வியும் ஒரு காரணம்; 2001 டிசம்பரில் சம்பந்தன் வென்றார், 2024 ஜூன் 30இல் இறக்கும்வரை அந்த ஆசனத்தில் இருந்தார். அவருக்குப் பின் சண்முகம் குகதாசன். ஆசனம் இல்லாத அந்த ஓராண்டை நினைவு வைத்திருக்கும் வயது இவருக்கு. அது வேலை தரும் ஆசனம் இல்லை, காணி போகும்போது கத்துவதற்கான ஆசனம் என்கிறார். அவருடைய மூத்த மகனுக்கு அந்த நினைவு கிடையாது. அவன் திசைகாட்டிக்குப் போட்டான். ஒரே வீட்டில் இரண்டு வாக்கு. அதைப் பற்றிச் சண்டையும் இல்லை.

மகனுடைய பிரச்சினை வேறு. உயர்தரம் முடித்துவிட்டு, தாயின் விருப்பப்படி அரசாங்க வேலைக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருக்கிறான். பென்சன் உள்ள மாப்பிள்ளைக்கு இருக்கும் மதிப்பு, அதைவிட இருமடங்கு உழைக்கும் மேசனுக்கு இல்லை என்பது கிழக்கில் மட்டுமா? 2017இல் வேலையற்ற பட்டதாரிகள் திருகோணமலையிலும் மாதக்கணக்கில் வீதியோரம் இருந்தார்கள். 2020இல் நாடு முழுவதும் பல்லாயிரம் பட்டதாரிகளை 20 ஆயிரம் ரூபா கொடுப்பனவில் பயிலுநராக எடுத்தார்கள். அதே வேளை நல்ல பூச்சு வேலை தெரிந்த ஆளை இங்கே நாட்கணக்கில் தேட வேண்டியிருக்கிறது. கை தேர்ந்தவர்கள் கட்டாரிலும் சவூதியிலும் இருக்கிறார்கள். ஆயிரம் ரூபா அளவில் இருந்த சீமெந்துப் பை 2022இல் மூவாயிரத்தைத் தொட்டதும் கட்டுமானம் நின்றுபோனது. அந்த ஒரே ஆண்டில் வெளிநாட்டு வேலைக்குப் போன இலங்கையர் 3 இலட்சத்துக்கு மேல். இவருடைய கையாட்கள் இருவர் அதில் அடக்கம். மாவட்டத்தின் நாடாளுமன்ற உறுப்பினர் அருண் ஹேமச்சந்திர வெளிநாட்டு வேலைவாய்ப்புக்கும் பிரதியமைச்சர். “நல்லதுதான். போறதுக்கு ஆள் இருக்கு. இஞ்ச இருக்கிறதுக்கு ஆர் அமைச்சர்?”

அவர் கேட்பவை பெரிய விடயங்கள் இல்லை. பாடசாலையில் படிக்காமல் வேலையில் பழகியவர்களுக்கு, அனுபவத்தைப் பரிசோதித்து என்.வி.கியூ. சான்றிதழ் கொடுக்கும் முறை ஏற்கெனவே உண்டு. அந்தக் கடதாசி இல்லாமல் முப்பது வருட மேசனும் வளைகுடாவில் கூலியாளாகத்தான் இறங்க வேண்டும். அதைப் பற்றி இந்தப் பக்கத்தில் எந்தக் கட்சிக்காரரும் வீடு வீடாக வந்து சொன்னதில்லை, துண்டுப்பிரசுரம் மட்டும் வந்தது. அடுத்தது கொந்தராத்து. சிறிய வடிகால், மதகு, பாலர் பாடசாலைக் கட்டடம் போன்றவற்றைக் கேள்விப்பத்திரம் இல்லாமல் கிராம அபிவிருத்திச் சங்கத்திடமே கொடுக்க வழி இருக்கிறது. நடைமுறையில் சங்கத்தின் பெயரில் வேலை எழுதப்படும்; செய்வது சபை உறுப்பினருக்கு வேண்டிய வெளி ஒப்பந்தக்காரர், அவர் ஆட்களும் வெளியிலிருந்து. சங்கத்துக்குக் கையெழுத்துக் கூலி. இதில் எல்லாக் கட்சியும் ஒன்று என்கிறார், இனபேதமும் இல்லையாம்.

மாகாண சபை இருந்தால் இதையெல்லாம் கேட்க ஓர் இடம் இருந்திருக்கும். கிழக்கு மாகாண சபையின் தலைமையிடம் திருகோணமலைதான்; உவர்மலையில் கட்டடங்கள், அதிகாரிகள், வாகனங்கள் எல்லாம் இருக்கின்றன. 1988இல் வடக்கோடு இணைத்து, 2006 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் பிரித்து, 2008இல் தனியாகத் தேர்தல் நடந்த சபை. பிள்ளையான், நஜீப் அப்துல் மஜீத், நசீர் அஹமட் என்று மூன்று முதலமைச்சர்களைக் கண்டது. 2017 செப்டெம்பரில் காலம் முடிந்தது. அன்றிலிருந்து ஆளுநர்கள் மாறி மாறி நடத்துகிறார்கள், எல்லை நிர்ணயச் சிக்கலைக் காட்டித் தேர்தல் தள்ளிப்போகிறது. வடக்கு கிழக்கு மீண்டும் இணைய வேண்டுமா என்று கேட்டேன். தமிழனாக ஆசை உண்டு, கிண்ணியாக்காரன் ஒத்துக்கொள்ள மாட்டான், அவன் இல்லாமல் மணலும் வராது என்றார். பிறகு, இருக்கிற சபைக்கு முதலில் ஆளைப் போட்டுவிட்டு மற்றதைப் பேசலாம் என்றார். முதலமைச்சர் எந்த இனம் என்பது?

“எவனாவது இருக்கட்டும். ஆனா கட்டடத் திணைக்களம் எனக்கு வச்சிருக்கிற பில்லை ஒரு மாசத்துக்குள்ள தீர்க்கிறவனா இருக்கோணும். போன முறை செய்த வேலைக்கு உப ஒப்பந்தக்காரன் இன்னும் மிச்சம் தரேல்ல. கேட்டா, மேலயிருந்து வரேல்ல எண்டுறான்.”

எந்த மேல் என்று கேட்டேன். அதுதான் தனக்கும் தெரியவில்லை என்றார். கொழும்பா, ஆளுநர் அலுவலகமா, ஒப்பந்தக்காரரின் சட்டைப்பையா என்று விசாரிக்க ஒரு நாள் வேலையை விட வேண்டும். மறுநாள் காலை ஆண்டாங்குளத்தில் ஒரு வீட்டுக்குக் கொங்கிறீற் போட ஒத்துக்கொண்டிருந்தார்.